ஜார்ஜ்டவுன் நடைபாதையில் வெட்டிய மூன்று ஹிட்டைட் முத்திரைகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், பிட் ஸ்திரீட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், அஞ்சடி நடைபாதையில் பழைய மரமேசை ஒன்றையும் வளைகழுத்து விளக்கையும் போட்டு அமர்ந்து, சீனப் பெயர் முத்திரைகளைக் கல்லில் வெட்டித் தருகிற பெரியவர் ஒருவரிடம், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இன்றைய துருக்கியில் பேரரசு நடத்திய ஹிட்டைட் மக்களின் முத்திரைகளின் மாதிரியில் மூன்று முத்திரைகளைச் செய்து வாங்கினேன். இரண்டு மாதம் பள்ளியில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வயதாகிவிட்டதாலும், கைக்கு ஏற்ற அளவே வேலை எடுப்பதாலும், தம் பெயரையும் கடை எண்ணையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அதை மதிக்கிறேன். ஆயினும் இந்த வேலை எப்படி நடந்தது, எங்கே சிறந்தது, எங்கே தவறியது என்று விரிவாகச் சொல்வதில் பயன் உண்டு. கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ மலாக்காவிலோ உள்ள எந்தக் கல்முத்திரைக் கைவினைஞரிடமும் இதே வேலையை ஒப்படைக்க எண்ணுபவர்களுக்கு இதே கேள்விகள்தாம் எழும்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாலை நேரத்தில் வரலாற்றுக் கழகத்தையும் நடத்துகிறேன். பழைய நாகரிகம் ஒன்றைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க ஏதாவது ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதத்தில்தான் கடந்த ஆண்டு இணைய அங்காடி ஒன்றில், ஹிட்டைட் முத்திரைத் தொகுப்பு என்று விற்ற நான்கு பிசின் வார்ப்புகளை 96 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது கண்ணுக்கு நிறைவாகவே இருந்தன. கருங்கல் நிறமும், பழமை தோன்றும்படி ஓரங்களில் தேய்த்த தேய்ப்பும், கைப்பிடியில் கயிறு கோக்கும் துளையும் எல்லாம் சரியாக அமைந்திருந்தன. களிமண்ணில் அழுத்திய மறுகணம் குட்டு வெளிப்பட்டது. உருவங்கள் எழும்பி நிற்க வேண்டிய இடத்தில் குழிந்து கிடந்தன. வார்த்தவர் முத்திரையைப் பார்த்து வார்க்கவில்லை. முத்திரை களிமண்ணில் விட்ட பதிவின் படத்தைப் பார்த்து, அந்தப் பதிவையே முத்திரை என்று எண்ணி, மேட்டை மேடாகவே வார்த்துவிட்டார். விற்றவரிடம் எழுதிக் கேட்டேன். படத்தில் உள்ளபடியே பொருள் இருக்கிறது என்று பதில் வந்தது. அது உண்மைதான், அதுவே குறையும்.

முத்திரை என்பது பாதிப் பொருள். மறுபாதி, அது மண்ணில் விட்டுச் செல்லும் பதிவு. அலமாரியில் வைத்துப் பார்க்கும் அழகைக் கொண்டு ஒரு முத்திரையை மதிப்பிடுவது, ஊதிப் பார்க்காமல் அணைசின் கடைசலை மட்டும் பார்த்து நாகசுரத்துக்கு விலை பேசுவதைப் போன்றது. ஆகவே இந்த மூன்று முத்திரைகளையும் அவற்றின் பதிவைக் கொண்டே எடைபோடுகிறேன்.

இடவல மாற்றத்தைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் செய்யச் சொல்பவர்கள் முதலில் அஞ்சுவது அதைப் பற்றித்தான். ஹிட்டைட் முத்திரைகளின் நடுவில் வருவது பெரும்பாலும், ஹிட்டைட் மொழிக்கு உறவான லூவிய மொழியின் படவெழுத்து. அது வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் எழுதப்படக்கூடியது. கல்வெட்டுகளில் வரிக்கு வரி திசை மாறும், விலங்குத் தலைகளும் மனித முகங்களும் வரி தொடங்கும் பக்கத்தை நோக்கியிருக்கும். முத்திரைகளிலோ பெயரை நடுவில் நிறுத்தி, பட்டக் குறிகளை இருபுறமும் ஒன்றுபோல வைப்பது வழக்கமாதலால், இடவலம் மாறினாலும் பெரும்பாலும் படிக்க முடியும். அரச முத்திரைகளைச் சுற்றி வளையமாக ஓடும், ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன ஆப்பெழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அது எப்போதும் இடமிருந்து வலமாகவே ஓடும். மாறினால் வெறும் கீறலாகிவிடும். என்னுடைய மூன்றாவது முத்திரையில் நேர்ந்த பிழை இந்த இடத்தில்தான் நேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹிட்டைட் மக்களின் தலைநகரான ஹட்டுசா, இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், அங்காராவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் போகாஸ்கலே என்னும் ஊரை ஒட்டி இருக்கிறது. 1986 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். மெசபடோமியாவில் களிமண்ணின்மேல் உருட்டும் உருளை முத்திரைகளே ஆட்சி செய்த காலத்தில், இன்றைய துருக்கி நிலப்பகுதியான அனடோலியாவின் மக்கள் மேலிருந்து அழுத்திப் பதிக்கும் முத்திரைகளையே விரும்பினார்கள். இங்கே நாம் ரப்பரில் செய்துகொள்ளும் அலுவலக சாப்பும் அந்த வகையே. செர்பென்டைன், ஹேமடைட், சுண்ணக்கல், மாக்கல் என்று பல கற்களில் அவர்கள் வெட்டினார்கள். வெண்கலத்திலும் வெள்ளியிலும் பொன்னிலும்கூடச் செய்தார்கள். ஆனாலும் முத்திரை என்ற சொல்லை அவர்களுடைய எழுத்தர்கள் ஆப்பெழுத்தில் எழுதும்போது, கல் என்பதைக் காட்டும் குறியை முன்னால் வைத்தே எழுதினார்கள். முத்திரை என்றால் கல் என்ற எண்ணம் எழுத்திலேயே ஊறியிருந்தது. நான் பிசினை விட்டுக் கல்லுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியவர் ஹொக்கியனும் மலாயும் பேசுவார். என்னோடு மலாயில் பேசினார். நான் அவரை அங்கிள் என்று அழைக்க, அவர் என்னை டீச்சர் என்றே கடைசிவரை அழைத்தார். நான் கொண்டுபோன படங்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதோ நாளைப் பற்றியதோ அன்று. “மைக்கா, மெழுகுக்கா?” என்று கேட்டார். களிமண்ணுக்கு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, மேசையின் கீழிருந்து நான்கு கற்களை எடுத்து வைத்தார். சீனத்தின் சிங்தியான் பகுதியிலிருந்து வரும் சாம்பல் பச்சைக் கல் ஒன்றைத் தேர்ந்தேன். நகத்தால் கீறினால் மெலிதாகக் கோடு விழும் அளவு மென்மையானது. நம் வீடுகளில் கல்சட்டி செய்யும் மாக்கல்லைத் தொட்டவர்களுக்கு அந்த வழுவழுப்பு உடனே பிடிபடும்.

அவருடைய முறையை அருகிலிருந்து பார்த்தேன். கண்ணாடித் தகட்டின்மேல் நனைத்து விரித்த உப்புத்தாளில் கல்லின் முகத்தை எட்டுப் போடுவதுபோலச் சுழற்றித் தேய்த்துச் சமனாக்குகிறார். மெல்லிய தாளில் தூரிகையால் எழுதிய வடிவத்தைக் கவிழ்த்து ஒட்டி, ஈரம் ஒற்றி, மையைக் கல்லுக்கு இறக்குகிறார்; இடவலம் அங்கேயே மாறிவிடுகிறது. பிறகு ஆப்பு வைத்து இறுக்கும் மரப்பிடியில் கல்லைப் பூட்டி, பென்சில் பருமனுள்ள தட்டை உளியால், தம்மை நோக்கி இழுத்தும் தம்மைவிட்டுத் தள்ளியும் வெட்டுகிறார். ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு வெட்டுக்கும் ஒருமுறை பல் துலக்கும் பழைய பிரஷால் தூளைத் தட்டிவிடுகிறார். கை நடுங்குவதே இல்லை.

முதலாவது முத்திரை, சுத்தியல் போன்ற கைப்பிடியுள்ள பழைய வகை. முகம் 3 சென்டிமீட்டர் அகலம். நடுவில் இருதலைக் கழுகு, அதைச் சுற்றி முறுக்கிப் பின்னிய வளையம். இருதலைப்புள் நமக்குப் புதியதன்று. கண்டபேரண்டப் பறவையைக் கோயில் தூண்களில் பார்த்தவர்கள் நாம். அனடோலியாவில் அது மிகப் பழையது. அலாஜா ஹூயூக் என்னும் பழைய ஹிட்டைட் ஊரின் ஸ்பிங்ஸ் வாயிலில், இரண்டு முயல்களைப் பற்றிய நகங்களோடு அது கல்லில் புடைப்பாக நிற்கிறது. பின்னல் வளையத்தைப் பெரியவர் ஒரே அமர்வில் முடித்தார். புள்ளிகளைச் சுற்றி இழையை வளைத்து வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கும் நம் சிக்குக் கோலத்தின் கணக்கே அதிலும் இருக்கிறது. இழைகள் எங்கே மேலே, எங்கே கீழே போகின்றன என்பதில் ஓரிடத்தில்கூட அவர் தடுமாறவில்லை.

ஆனால் முதல் முயற்சி தோற்றது. சிவப்பு மையில் தோய்த்துத் தாளில் பதித்துக் காட்டியபோது கழுகு அற்புதமாக இருந்தது, இறகுக்கு இறகு பிரிந்து தெரிந்தது. நான் கொண்டுபோயிருந்த களிமண்ணில் அழுத்தியபோதோ, அதே கழுகு சப்பாத்தியில் வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையாக எழுந்தது. காரணம் அவருடைய கையின் பழக்கம். மை முத்திரைக்கு இரண்டே தளங்கள் போதும்: மை ஒட்டும் மேல்தளம், ஒட்டாத பள்ளம். பள்ளம் எவ்வளவு ஆழம், அதன் அடி தட்டையா வளைவா என்பதைத் தாள் கேட்பதில்லை. களிமண் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் கேட்கிறது. பறவையின் மார்பு உருண்டு எழ வேண்டுமானால், கல்லில் அந்த இடம் கிண்ணம்போலக் குழிய வேண்டும். இறக்கையின் நுனியில் ஆழம் படிப்படியாகக் குறைந்து கல்லின் முகத்தோடு கலக்க வேண்டும். ஹிட்டைட் கைவினைஞர்கள் வில்துளைப்பான், செதுக்குளி, தேய்ப்புத்தூள் ஆகியவற்றைக் கொண்டு அந்தக் குழிவுகளை உருட்டினார்கள்.

பெரியவர் களிமண் பதிவைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிக அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “இது மைக்கு வெட்டியது, டீச்சர். மண்ணுக்கு வேறு மாதிரி வெட்ட வேண்டும்” என்றார். அதுவரை வெட்டியதற்கான கூலியை நான் கொடுக்க முன்வந்தும் வாங்கவில்லை. அந்த முகத்தை முழுவதும் தேய்த்தழித்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் வந்தபோது, தட்டை உளியோடு உருண்டை முனையுள்ள கருவி ஒன்றும் மேசையில் இருந்தது. கழுகின் மார்பில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம், இறக்கையில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு குழிவை வெட்டியதும் சிறிது மாவுப் பசையை அழுத்தி எடுத்துப் பார்த்துப் பார்த்து வேலை செய்திருக்கிறார். இரண்டாவது பதிவில் இரண்டு கழுத்துகளும் மார்பிலிருந்து பிரியும் இடத்தில் நிழல் விழுந்தது. கல்முத்திரை வெட்டுபவரிடம் இந்த வேலையைக் கொடுப்பவர்கள் முதல் நாளே ஒரு பிடி களிமண்ணைக் கையோடு கொண்டுபோங்கள்; படத்தைக் காட்டுவதைவிட அது பத்து மடங்கு தெளிவாகப் பேசும்.

பதிப்பதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண் வேண்டாம். அது முத்திரையின் நுண்ணிய கீறல்களில் அடைத்துக்கொண்டு வெளிவர மறுக்கிறது. குயவர்கள் பயன்படுத்தும் களிமண்ணை, கையில் ஒட்டாத அளவு ஈரம் போனபின் எடுத்து, கல்லின் முகத்தில் முகப்பவுடரை லேசாகத் தூவி அழுத்தினால் சுத்தமாகப் பிரிகிறது. முகப்பவுடரின் மூலப்பொருளான டால்க்தான் மாக்கல்லின் முதன்மைக் கனிமம் என்று சொன்னபோது, கழகத்துப் பிள்ளைகள் கல்லையும் பவுடர் டப்பாவையும் மாறிமாறி முகர்ந்து பார்த்தார்கள். பதிவை நேர்வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கை மேசையோடு மேசையாகப் பக்கவாட்டில் வைத்தால்தான் உருவம் எழுந்து நிற்கும்.

இரண்டாவது, பொத்தான் வடிவ முத்திரை. இருபுறமும் வட்டமாகப் புடைத்து, நடுவில் குறுக்காகத் துளையிட்டது. கயிற்றிலோ கம்பியிலோ கோத்துத் திருப்பித் திருப்பி இரண்டு முகங்களையும் பயன்படுத்தலாம். பேரரசின் பிற்பகுதியில் அதிகாரிகளும் எழுத்தர்களும் இந்த வகையை மிகுதியாக வைத்திருந்தார்கள். 1995-ல் டிராய் அகழாய்வில் கிடைத்த வெண்கல முத்திரையும் இந்த வடிவம்தான். அதன் ஒரு முகம் ஓர் எழுத்தருக்கும் மறுமுகம் ஒரு பெண்ணுக்கும் உரியது. நான் கேட்ட முத்திரையிலும் ஒரு முகத்தில் எழுத்தரைக் குறிக்கும் குறியையும், மறுமுகத்தில் பெயரின் இருபுறமும் வரும் நலம், வாழ்வு என்னும் குறிகளையும் வெட்டச் சொன்னேன். நலத்துக்கு ஒரு முக்கோணம். வாழ்வுக்கு எகிப்திய அங்க் குறியை ஒத்த ஒரு வடிவம். மூன்றில் குறையே சொல்ல முடியாதது இதுதான். வளைந்த முகத்தில் வெட்டுவது சமதளத்தில் வெட்டுவதைவிடக் கடினம் என்றாலும், புடைத்த முகம் களிமண்ணில் உருண்டு இறங்குவதால் பதிவின் ஓரம் மெல்லச் சரிந்து கிண்ணம்போல அமைகிறது. ஹிட்டைட் களிமண் பதிவுகளின் படங்களில் நான் பார்த்த அதே குழிவு அது. துளையை இருபுறமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கவிட்டிருக்கிறார். உள்ளே இடை சிறுத்து உடுக்கைபோல இருக்கிறது. பழைய கைவினைஞர்களும் அப்படியே துளைத்தார்கள் என்று சொன்னபோது, வேறு எப்படித் துளைப்பது என்று வியப்போடு கேட்டார்.

மூன்றாவது, அரச முத்திரை. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றே சொல்லலாம். ஹிட்டைட் அரசர்கள் கையில் வைத்திருந்த முத்திரைகளில் நம் காலம்வரை வந்தவை மிகமிகக் குறைவு. அவற்றை நாம் அறிவது பதிவுகளால். ஹட்டுசாவின் நிஷான்தெப்பே பகுதியில் 1990, 1991 ஆண்டுகளில், பீட்டர் நேவே தலைமையிலான ஜெர்மன் அகழாய்வுக் குழு 3000-க்கும் மேற்பட்ட களிமண் முத்திரைக் கட்டிகளை ஒரே கட்டடத்தில் கண்டெடுத்தது. ஆவணங்களைக் கட்டிய கயிற்றின் முடிச்சில் ஒட்டிய கட்டிகள் அவை. கட்டடம் எரிந்த தீயில் ஆவணங்கள் அழிய, களிமண் சுடுமண்ணாகி நிலைத்துவிட்டது. முத்திரைகள் தொலைந்தும் அவற்றின் பதிவுகள் மிஞ்சியதால்தான், எந்த அரசன் எந்தப் பட்டத்தோடு கையெழுத்திட்டான் என்று இன்று சொல்ல முடிகிறது.

நான் தேர்ந்தது முதலாம் சுப்பிலுலியுமாவின் முத்திரை வகை. மேலே சிறகு விரித்த ஞாயிற்று வட்டு, அதன் கீழே இருபுறமும், உயர்ந்த கூம்பின்மேல் சுருள் வைத்த பேரரசன் குறி, நடுவில் பெயர். அந்தப் பெயரை எழுதிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹிட்டைட் மொழியில் சுப்பி என்றால் தூய்மை, லுலி என்றால் குளம் அல்லது ஊற்று, உமா என்பது அந்த ஊரான் என்று காட்டும் விகுதி. எனவே சுப்பிலுலியுமா என்பவன் தூயகுளத்தான். முத்திரையில் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி எழுதாமல், தூய்மைக்கு ஒரு குறியும் ஊற்றுக்கு ஒரு குறியும் வைத்துவிட்டார்கள். ஊர்ப்பெயரும் நீர்நிலையும் மனிதரின் பெயராக ஆவதை நாம் நன்றாக அறிவோம். குளத்தூரார், ஆற்றூரார், கிணத்துக்கடவுக்காரர் என்று எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்! இதைப் பெரியவருக்கு விளக்கியபோது அவர் சிறிதும் வியக்கவில்லை. சொல்லுக்குச் சொல் குறி வைத்து எழுதும் மொழியில் வாழ்நாள் முழுவதும் பெயர் வெட்டியவர் அவர். தூரிகையை எடுத்து, தூய்மைக்கும் ஊற்றுக்கும் உரிய சீன எழுத்துகளை ஓரத்தில் எழுதி, “இவர்களும் எங்களைப் போலத்தான்” என்றார்.

5 சென்டிமீட்டர் வட்டத்தில் அவர் வெட்டிய படவெழுத்துப் பகுதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஞாயிற்று வட்டின் சிறகுகளில் மூன்று வரிசை இறகுகள் இருக்கின்றன; கூம்புகள் இரண்டும் ஒரே உயரத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. ஆப்பெழுத்து வளையத்தில்தான் தவறு நேர்ந்தது. ஆப்பெழுத்தின் ஒவ்வொரு கீறலுக்கும் அகன்ற தலையும் மெலிந்த வாலும் உண்டு. வாசிக்கும் திசையில் பிடித்துப் பார்த்தால், படுக்கை ஆப்புகளின் தலை இடப்புறம் இருக்கும், வலப்புறம் இருக்காது. பதிவைக் கையில் வைத்து மெல்லச் சுழற்றிக்கொண்டே வந்தபோது, இரண்டு இடங்களில் ஆப்புத் தலை வலப்புறம் எழுந்திருந்தது. தாளிலிருந்து இறக்கிய மை அந்த இரு இடங்களிலும் மங்கியிருக்கிறது. அவர் என்னுடைய அசல் படத்தைப் பார்த்து அப்படியே வெட்டிவிட்டார், திருப்ப மறந்துவிட்டார். ஆயிரத்தில் ஒருவர்கூடக் கவனிக்காத பிழைதான். ஆனாலும் அந்த இரண்டு எழுத்துகளும் எழுத்துகளாக இல்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு: வளையத்தை முன்கூட்டியே திருப்பி அச்சிட்டுக் கொடுத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. நீங்கள் கொடுக்கும்போது திருப்பிய படம், திருப்பாத படம் இரண்டையும் கொடுத்து, எது எது என்று பெரிதாக எழுதிவையுங்கள்.

வகுப்பில் இவை எப்படிப் பயன்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும், அதற்காகவே வாங்கினேன். கழகத்து அலமாரியின் இரண்டு கைப்பிடிகளையும் சணல் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் எலுமிச்சை அளவு களிமண்ணை அப்பி, கழுகு முத்திரையைப் பதித்தோம். மறுவாரம் வந்து பார்த்தபோது களிமண் காய்ந்து முடிச்சோடு இறுகியிருந்தது. முத்திரையை உடைக்காமல் கயிற்றை அவிழ்க்க முடியுமா என்று நான்கு பேர் முயன்றார்கள். ஒரு சிறுமி களிமண்ணை நனைத்து மென்மையாக்கி முடிச்சை உருவிவிட்டாள். ஆனால் கழுகின் ஒரு தலை மழுங்கிப்போனது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அந்த மழுங்கிய தலையே காட்டிக்கொடுத்தது. பூட்டுக்கும் முத்திரைக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மாதவி கோவலனுக்கு அனுப்பிய ஓலையும் மண் இலச்சினை இட்ட ஓலைதான் என்று சிலப்பதிகாரத்தை நினைவூட்டி, சோழர் செப்பேடுகளின் வளையத்தில் புலியும் இரட்டைக் கயலும் வில்லும் பொறித்த முத்திரை இருப்பதையும் படத்தில் காட்டினேன். எதிர்க்கரையிலுள்ள கெடாவை, அன்றைய கடாரத்தை, ஆண்ட மன்னனைப் பற்றிப் பேசும் ஆனைமங்கலச் செப்பேட்டிலும் அந்த முத்திரை உண்டு.

பெண் பிள்ளைகள் அதிகம் கேட்டது அரசி புதுஹெப்பாவைப் பற்றி. மூன்றாம் ஹட்டுசிலியின் அரசியான அவருக்குத் தனி முத்திரையே இருந்தது. அதன் பதிவு தார்சுஸ் நகரில் கிடைத்திருக்கிறது. கி.மு. 1259 அளவில் ஹட்டுசிலி எகிப்தின் இரண்டாம் ராமேசஸோடு செய்த உடன்படிக்கை வெள்ளித் தகட்டில் எழுதப்பட்டது. அந்தத் தகடு இன்று இல்லை. ஆனால் கர்னாக் கோயில் சுவரில் எகிப்தியர் அதன் வாசகத்தைப் பொறித்தபோது, தகட்டின் ஒரு புறத்தில் புயல்தெய்வம் அரசனைத் தழுவி நிற்பதாகவும், மறுபுறத்தில் அரின்னா நகரின் ஞாயிற்றுத் தேவி புதுஹெப்பாவைத் தழுவி நிற்பதாகவும் முத்திரைகளை வருணித்திருக்கிறார்கள்.

மொத்தச் செலவு 540 வெள்ளி: கழுகு முத்திரை 150, பொத்தான் 130, அரச முத்திரை 260. முதலாவது இரண்டு வாரத்திலும் மற்ற இரண்டும் ஐந்து வாரத்திலும் கைக்கு வந்தன. கையால் வெட்டிய வேலைக்கு இது நியாயமான விலை என்றே கருதுகிறேன். கல் மென்மையானது என்பதால் தேய்மானம் உண்டு. இரண்டு மாதத்தில் கழுகின் அலகு முனை சற்று மழுங்கியிருக்கிறது. சுத்தியல் கைப்பிடியின் கழுத்துப் பகுதி தேவைக்கு மேல் மெலிந்திருப்பதால் தரையில் விழுந்தால் அங்கேதான் ஒடியும். ஹேமடைட்டில் செய்தால் தலைமுறைகளுக்கு நிற்கும். ஆனால் அது மோஸ் அளவில் 5.5 முதல் 6.5 வரை கடினமானது, இந்த உளிக்கு மசியாது. பெரியவர் அதை மறுத்துவிட்டார், மறுத்தது சரியே.

அசல் ஹிட்டைட் முத்திரை என்று சொல்லி இணையத்தில் விற்பவற்றைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று: வாங்காதீர்கள். துருக்கியின் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டுத் தொல்பொருள்களை வெளியே கொண்டுசெல்ல முடியாது. ஆகவே அவை பெரும்பாலும் போலியாக இருக்கும், இல்லையேல் மண்ணைத் தோண்டித் திருடியவையாக இருக்கும். நகலை வைத்திருப்பதில் தாழ்வு ஒன்றுமில்லை. தர்கொண்டெமோஸ் முத்திரை என்று அறியப்பட்ட வெள்ளி முத்திரையைப் போலி என்று சந்தேகித்து வாங்க மறுத்த பிரிட்டிஷ் அருங்காட்சியகம், அதன் உலோக நகல் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. நடுவில் படவெழுத்தும் சுற்றிலும் ஆப்பெழுத்துமாக இருமொழியில் அமைந்த அந்த முத்திரையைக் கொண்டுதான் 1880-ல் சேஸ் என்னும் அறிஞர் படவெழுத்தை வாசிக்கும் முயற்சியில் இறங்கினார். அசல் இப்போது பால்டிமோரின் வால்டர்ஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இரண்டு ஆப்புகளின் பிழையைக் காட்ட, சென்ற சனிக்கிழமை அரச முத்திரையையும் அதன் பதிவையும் எடுத்துக்கொண்டு போனேன். வெட்டிய கல்லில் மீண்டும் கல்லை நிரப்ப முடியாது. திருத்த வேண்டுமானால் முகம் முழுவதையும் 2 மில்லிமீட்டர் தேய்த்தழித்து, சிறகிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி வெட்ட வேண்டும். அப்படியே இருக்கட்டும், சிறகுகள் இவ்வளவு அழகாக இருக்கின்றனவே என்றேன். பெரியவர் பதிவைத் திருப்பிப் பார்த்து, ஆப்புத் தலைகளை நகத்தால் எண்ணி, கல்லை என் கையிலிருந்து வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். கூலி வேண்டாம், நான்கு வாரம் கழித்து வாருங்கள், இந்தத் தடவை படத்தைத் திருப்பி அச்சிட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். தேய்ப்பதற்கு முன் களிமண்ணில் இன்னும் மூன்று பதிவுகள் எடுத்து, பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தார்.